விளிம்பில் மலர்ந்த நகைச்சுவை

நாடகம் என்றவுடன் நம் நெஞ்சில் எழுவன பேரரசர்களின் வரலாறும் காப்பிய மாந்தரின் துயரமுமே ஆகும். நகைச்சுவை என்பது அத்தகைய நாடகங்களின் இடையே அவையோரின் களைப்பை நீக்குதற்பொருட்டுத் தூவப்படும் உப்பு என்னும் எண்ணம் கற்றோரிடத்தும் வேரூன்றியிருக்கிறது. ஆனால், மெய்ப்பாடுகள் எட்டினை எண்ணப் புகுந்த தொல்காப்பியர் நகையையே முதற்கண் வைத்தார். அழுகையும் வீரமும் அதன் பின்னரே வருகின்றன. பிறரை எள்ளுதலாலும், பிள்ளைமையாலும், பேதைமையாலும், மடமையாலும் நகை பிறக்கும் என அதன் நிலைக்களன்களையும் அவர் வகுத்துக் காட்டினார். சிரிப்புக்கு இலக்கணம் கண்ட மொழிக்கு உரியவர்கள் நாம். ஆகவே, பிற நாட்டார் சிரிப்பை எவ்வாறு அரங்கேற்றினர் என்று அறிவதும் நமக்குக் கடனாகும்.

நகைச்சுவைக் குறுநாடகங்கள் சிலவற்றைக் கோவையாகத் தொடுத்து ஓர் இரவு நிகழ்ச்சியாக நடத்தும் வழக்கம் இங்கிலாந்திலும் பிற நாடுகளிலும் முன்பே இருந்தது. ‘ரெவ்யூ’ என்பது அதற்கு வழங்கும் பெயர். பாட்டும் ஆட்டமும் கலந்து, பணம் படைத்தோர் இரவுப் பொழுதைப் போக்குதற்கென நடந்துவந்த அக்கலைவடிவம், இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் மாணவர் கையில் புதிய கூர்மை பெற்றது. அம்மாற்றம் நிகழ்ந்த இடங்களுள் தலையாயது ஸ்காட்லாந்தின் தலைநகராகிய எடின்பரோ. அங்கே ஆண்டுதோறும் ஆகஸ்டு மாதத்தில் நடைபெறும் ‘ஃபிரிஞ்சு’ எனப்படும் விளிம்பு நாடக விழாவின் வரலாற்றையும், அவ்விழாவில் நகைச்சுவைக் குறுநாடகம் பெற்ற இடத்தையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அழையாது வந்த எண்மர்

இரண்டாம் உலகப் போர் 1945இல் முடிவுற்றது. வென்ற நாடாயினும் பிரிட்டன் வறுமையில் உழன்றது. போர்க்காலத்திற்கூடக் கட்டுப்பாடின்றிக் கிடைத்த ரொட்டிக்கு 1946இல் பங்கீடு வந்தது என்றால் அந்நாளைய நிலையை நாம் உய்த்துணரலாம். அத்தகைய காலத்திற்றான் பகைமை மறந்து ஐரோப்பியக் கலைஞர்கள் ஒன்றுகூடும் பெருவிழா ஒன்றை நடத்தவேண்டும் என்னும் எண்ணம் முளைத்தது. ஆஸ்திரியாவில் பிறந்து இங்கிலாந்தில் கிளைண்ட்போர்ன் இசைநாடக நிறுவனத்தை நடத்திவந்த ருடால்ஃப் பிங் இதற்கு முன்னின்றார். எடின்பரோ நகரத் தலைவர் ஜான் ஃபால்கனர் துணை நின்றார். 1947 ஆகஸ்டு 24ஆம் நாள் முதலாவது எடின்பரோ பன்னாட்டு விழா தொடங்கியது. நாட்சிகளின் கொடுமைக்கு அஞ்சி வெளியேறிய இசை நடத்துநர் புரூனோ வால்ட்டரும், அவர் பிரிய நேர்ந்த வியன்னா ஃபில்ஹார்மோனிக் இசைக்குழுவும் அவ்விழாவில் மீண்டும் ஒரே மேடையில் சேர்ந்தமை, விழாவின் உயர்ந்த நோக்கத்துக்குச் சான்றாக இன்றும் பேசப்படுகிறது.

விழா உயர்ந்ததே. எனினும் அதன் நாடகப் பட்டியலைப் பார்த்த ஸ்காட்லாந்து மக்கள் மனம் குறைபட்டனர். இலண்டனிலிருந்து ‘ஓல்ட் விக்’ குழு வந்தது. பாரிசிலிருந்து லூயி ஜூவேயின் குழு வந்தது. ஆனால் விழா நடக்கும் மண்ணுக்குரிய நாடகக் குழுக்களுக்கு அப்பட்டியலில் இடமில்லை. தம் வீட்டுத் திருமணத்தில் தாமே வாசலில் நிற்க நேர்ந்தவரின் நிலை அது.

அந்நிலையில் எட்டுக் குழுக்கள் அழைப்பை எதிர்பாராமல் தாமே புறப்பட்டன. அவற்றுள் ஆறு ஸ்காட்லாந்தைச் சேர்ந்தவை; இரண்டு இங்கிலாந்திலிருந்து வந்தவை. தொழிலாளர் சார்புடைய கிளாஸ்கோ யூனிட்டி நாடகக் குழு மாக்சிம் கார்க்கியின் நாடகத்தை நடித்தது. வேறொரு குழு ஷேக்ஸ்பியரின் ‘மேக்பத்’தைக் கையாண்டது. லான்செஸ்டர் குழுவினர் பொம்மலாட்டம் நிகழ்த்தினர். எட்டில் ஒரு குழு எடின்பரோவில் நடிக்கவேயில்லை; ஏறத்தாழ 20 மைல் தொலைவில் உள்ள டன்ஃபர்ம்லின் தேவாலயத்தில் ‘எவ்ரிமேன்’ என்னும் பழைய அறநாடகத்தை நடித்தது.

இவ்வெண்மரும் கூடிப் பேசித் திட்டமிட்டவர்கள் அல்லர். கொடி உயர்த்தியவர்களும் அல்லர். பெருவிழாவைக் காணவரும் மக்கள் கூட்டம் நகரில் இருக்கும். எங்கேனும் ஒரு மண்டபம் கிடைத்தால் அக்கூட்டத்தில் ஒரு பகுதி நம்மையும் வந்து காணும் என்னும் எளிய நம்பிக்கையே அவர்களை உந்தியது. பிற்காலத்தில் ஓர் இயக்கமாக வளர்ந்த விழாவுக்குக் கால்கோள் இட்டது இந்த எளிய நம்பிக்கையே என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

பெயர் வந்த வரலாறு

மறு ஆண்டு, 1948 ஆகஸ்டில், ராபர்ட் கெம்ப் என்னும் ஸ்காட்லாந்து நாடகாசிரியர் ‘எடின்பரோ ஈவினிங் நியூஸ்’ இதழில் எழுதுகையில், விழாவின் முறையான நாடகங்களைச் சுற்றி அவற்றின் விளிம்பில் தனியார் முயற்சிகள் பெருகிவருவதைக் குறிப்பிட்டார். ஃபிரிஞ்சு என்னும் சொல்லுக்கு ஓரம், விளிம்பு, ஆடையின் முனையிலே தொங்கும் குஞ்சம் எனப் பல பொருள் உண்டு. போகிற போக்கில் அவர் எழுதிய அச்சொல்லே நிலைத்துவிட்டது. இன்று உலகின் பல நகரங்களில் நடைபெறும் இத்தகைய விழாக்கள் அனைத்துக்கும் அதுவே பொதுப்பெயர் ஆயிற்று.

விளிம்புக்குப் பெயர் சூட்டிய இதே கெம்ப், அதே 1948இல் முறையான விழாவின் உள்ளேயும் ஓர் அரும்பணி செய்தார். பதினாறாம் நூற்றாண்டில் சர் டேவிட் லிண்ட்சே இயற்றிய ‘மூன்று நிலையினர்’ பற்றிய அங்கத நாடகத்தை அவர் சுருக்கித் தர, டைரோன் கத்ரி அதனை ஸ்காட்லாந்துத் திருச்சபையின் பேரவை மண்டபத்தில் இயக்கினார். குருமாரையும் பிரபுக்களையும் வணிகரையும் ஒருசேர எள்ளி நகையாடும் நாடகம் அது. முந்திய ஆண்டு ஸ்காட்லாந்து நாடகத்துக்கு இடம் தராத பெருவிழா, மறு ஆண்டே அம்மண்ணின் பழம்பெரும் அங்கதத்துக்கு மேடை தந்தது. இதற்கு விளிம்பின் எட்டுக் குழுக்களே காரணம் என்று அறுதியிட்டு உரைத்தல் இயலாது. ஆயினும் வெளியே எழுந்த குரல் உள்ளே இருந்தவர்களின் செவிக்கு எட்டாமல் இருந்திராது என்று கொள்வதில் தவறில்லை.

இரவின் கடைசிக் காட்சி

நகைச்சுவைக் குறுநாடகங்கள் விளிம்பு விழாவில் இடம் பிடித்த முறை சுவையானது. 1952இல் நியூ டிராமா குரூப் என்னும் குழு, மாலையில் ஒரு முழுநீள நாடகத்தை நடித்தது. டொனால்ட் பிளசென்ஸ் எழுதிய ‘எப் டைட்’ என்னும் நாடகம் அது. அது முடிந்த பின் அதே இரவில் துணுக்கு நாடகங்கள் சிலவற்றைத் தொடர்ச்சியாக நடித்தனர். ‘நாடகம் முடிந்த பின்’ எனப் பொருள்படும் பெயரையே அத்தொகுப்புக்கு வைத்தனர். விளிம்பு விழாவின் நள்ளிரவு ரெவ்யூக்களுக்கு இதனையே தொடக்கமாகக் கூறுவர்.

இவ்வகை நிகழ்ச்சி ஏன் விரைந்து பரவியது? காரணம் கலை நுட்பத்தைவிடக் கடிகாரத்தில் இருந்தது எனலாம். நாளிதழ்த் திறனாய்வாளர்களின் முதற்கடமை முறையான விழாவின் இசையையும் நாடகத்தையும் கண்டெழுதுவதாகும். அவை முடிவதற்குள் இரவு நெடுநேரம் ஆகிவிடும். அதன்பின் விழித்திருக்கும் அரங்குகள் விளிம்புக் குழுக்களின் அரங்குகளே. பகலில் அக்குழுக்கள் நடித்த ஆழ்ந்த நாடகங்களைக் காண நேரமில்லாத திறனாய்வாளர்கள் இரவில் நடந்த நகைச்சுவையை மட்டும் கண்டு எழுதினர். அதனால் விளிம்பு விழா என்றாலே நகைச்சுவை இரவு என்னும் எண்ணம் மக்களிடையே பரவிற்று. ஒரு கலைவடிவத்தின் வளர்ச்சிக்குக் கலைஞனின் திறமையோடு காலமும் இடமும் பார்ப்பவனின் ஓய்வும் எவ்வளவு பங்களிக்கின்றன என்பதற்கு இது நல்லதோர் எடுத்துக்காட்டாகும்.

இடநெருக்கடியும் இதற்குத் துணைசெய்தது. விளிம்புக் குழுக்களுக்குக் கிடைத்தவை பெரும்பாலும் தேவாலயக் கூடங்களும் சங்கக் கட்டடங்களும் பள்ளிக் கூடங்களுமே. ஒரே கூடத்தை ஒரே நாளில் பல குழுக்கள் பங்கிட்டுக்கொள்ளும். ஒரு குழு தன் நாடகத்தை முடித்து மேடையை ஒழித்துத் தந்த சிறிது நேரத்திற்குள் மற்றொரு குழு தொடங்கவேண்டும். அரண்மனைக் காட்சிக்கும் சோலைக் காட்சிக்கும் திரை தீட்டி மாட்டுதற்கு அங்கே இடமும் இல்லை, பொழுதும் இல்லை. ஆகவே ஒரு நாற்காலியே அரியணையாகும். அதுவே அடுத்த நாடகத்தில் மருத்துவமனைக் கட்டிலாகும். அதற்கடுத்ததில் தொடர்வண்டியின் இருக்கையாகும். ஒரு தொப்பி மாறினால் ஒரு மனிதன் மாறிவிடுவான். திரைச்சீலை இல்லாத மேடையில் விளக்கை அணைப்பதே நாடகத்தை முடிக்கும் முறை. சிரிப்பு உச்சியை எட்டும் நொடியில் விளக்கு அணையவேண்டும். ஒரு நொடி முந்தினால் பொருள் விளங்காது. ஒரு நொடி பிந்தினால் சிரிப்பு ஆறிவிடும். வறுமை கற்றுத் தந்த இச்சிக்கனமே குறுநாடகத்தின் இலக்கணமும் ஆயிற்று.

குழுக்கள் பெருகப் பெருக ஒழுங்கமைப்பின் தேவையும் எழுந்தது. 1954இல் அச்சகத்தார் ஒருவர், பங்குகொண்ட குழுக்களின் பணத்தைக் கொண்டே நிகழ்ச்சிப் பட்டியல் ஒன்றை முதன்முதலாக அச்சிட்டார். 1955இல் பல்கலைக்கழக மாணவர்கள் நுழைவுச்சீட்டு விற்பனையை ஓரிடத்தில் நடத்த முயன்று இழப்புக்கு ஆளாயினர். 1950களின் முடிவில் விளிம்பு விழாவுக்கெனச் சங்கம் ஒன்று உருவாயிற்று. 1959இல் பங்குகொண்ட குழுக்கள் 19. அச்சங்கம் தன் அமைப்பு விதியில் ஒரு கொள்கையை எழுதிவைத்தது. எந்த நாடகத்தையும் சங்கம் தேர்ந்தெடுக்காது. எந்த நாடகத்தையும் விலக்காது. தணிக்கையும் செய்யாது என்பதே அது. மண்டபம் தேடிக்கொள்ளக்கூடிய எவரும் நடிக்கலாம். அழையாமல் வந்த எண்மரின் செயல், பன்னிரண்டு ஆண்டுகளில் எழுதப்பட்ட விதியாக மாறியது.

நால்வர் வந்தனர்

இவ்விழாவைப் பற்றி எழுதுவோர் பலரும் மயங்கும் இடம் ஒன்று உண்டு. ‘பியாண்ட் தி ஃபிரிஞ்சு’ என்னும் புகழ்பெற்ற நகைச்சுவை நிகழ்ச்சியை விளிம்பு விழாவின் படைப்பு என்று பலர் கருதுகின்றனர். பெயரே அம்மயக்கத்தைத் தருகிறது. உண்மை அதுவன்று. 1960 ஆகஸ்டு 22ஆம் நாள் ராயல் லைசியம் அரங்கில் முதன்முதல் நடைபெற்ற அந்நிகழ்ச்சி, முறையான பன்னாட்டு விழாவின் ஏற்பாடே ஆகும்.

அப்போது அவ்விழாவின் இயக்குநராக இருந்தவர் ராபர்ட் பொன்சன்பி. மாணவர்களின் நள்ளிரவு நகைச்சுவைக்கு மக்கள் விரைந்தோடுவதைக் கண்ட அவர், தம் விழாவே அத்தகைய நிகழ்ச்சி ஒன்றை அவர்களினும் சிறப்பாக நடத்தவேண்டும் எனக் கருதினார். விளிம்பையும் கடந்தது எனப் பொருள்படும் அப்பெயரில் இப்போட்டி மனப்பான்மை ஒளிந்திருக்கிறது. அவருடைய உதவியாளர் ஜான் பாசெட், ஆக்ஸ்ஃபோர்டிலிருந்து இருவரையும் கேம்பிரிட்ஜிலிருந்து இருவரையும் ஒன்றுசேர்த்தார். ஆலன் பென்னட் இடைக்கால வரலாற்றை ஆய்ந்துவந்தவர்; இறைச்சிக் கடைக்காரரின் மகன். டட்லி மூர் தொழிலாளர் குடும்பத்தில் பிறந்து இசைப் புலமையால் உதவித்தொகை பெற்று ஆக்ஸ்ஃபோர்டு சென்றவர். ஜொனதன் மில்லர் மருத்துவர். பீட்டர் குக் மாணவப் பருவத்திலேயே இலண்டன் மேடைகளுக்கு நகைச்சுவை எழுதிப் பொருளீட்டத் தொடங்கியவர்.

நால்வருக்கும் தலைக்கு 100 பவுன் ஊதியம் பேசப்பட்டதாகவும், குக்கின் முகவர் வாதாடி அவருக்கு மட்டும் 110 பவுன் பெற்றுத் தந்ததாகவும், முகவருக்குரிய பத்து விழுக்காட்டைக் கழித்தபின் குக்கின் கைக்கு வந்தது 99 பவுனே எனவும் ஒரு செய்தி வழங்குகிறது. நகைச்சுவை நடிகரின் வாழ்வே நகைச்சுவை ஆதற்கு வேறு சான்று வேண்டா.

நிகழ்ச்சியின் தன்மை என்ன? பெருந்திரைகள் இல்லை, பகட்டான உடைகள் இல்லை, நடனமாதர் இல்லை. நான்கு இளைஞர்களும் ஒரு பியானோவும் மட்டுமே. ஆனால் அவர்கள் எள்ளியவை எளியவை அல்ல. சமயச் சொற்பொழிவாளர் ஒருவர், விவிலியத்தின் பொருளற்றதோர் அடியைப் பற்றிக்கொண்டு அதிலிருந்து வாழ்க்கைத் தத்துவம் முழுவதையும் பிழிந்தெடுக்க முயல்வதைப் பென்னட் நடித்துக் காட்டினார். நீதிபதி ஆகியிருக்கவேண்டிய தாம் இலத்தீன் போதாமையால் சுரங்கத் தொழிலாளி ஆனதாகப் புலம்பும் ஒருவரைக் குக் நடித்தார். ஷேக்ஸ்பியரின் வரலாற்று நாடகங்களை மேடையேற்றுவோரின் ஆரவார நடை அங்கே நகைப்புக்கு இடமாயிற்று. அணுகுண்டு வீழ்ந்தால் மக்கள் எவ்வாறு தற்காத்துக்கொள்ளலாம் என்று அதிகாரிகள் தரும் ஆறுதல் மொழிகளின் வெறுமை வெளிப்பட்டது. போர்க்காலப் பெருமிதங்களும் தப்பவில்லை.

நம் இலக்கண நூலின் அளவுகோலால் இவற்றை அளந்து பார்க்கலாம். மடன் என்பதைச் சொல்லிக் கொடுத்ததைப் பற்றிக்கொண்டு விடாதிருத்தல் என உரையாசிரியர் விளக்குவர். சொற்பொழிவாளர் நகைப்புக்கு உரியவராவது அம்மடமையால். சுரங்கத் தொழிலாளியைக் கண்டு நாம் முதலில் சிரிப்பது அவரது பேதைமைக்காக. சிறிது சிந்தித்தால், இலத்தீன் என்னும் ஒரு சொல்லால் எத்தனை பேருடைய வாழ்வின் கதவை ஒரு சமுதாயம் அடைத்துவிடுகிறது என்பது புலனாகும். அப்போது நம் சிரிப்பு அவரிடமிருந்து விலகி அச்சமுதாயத்தின்மீது எள்ளலாகப் பாய்கிறது. ஒரு குறுநாடகத்தின் ஆற்றல் சிரிப்பின் திசையை இங்ஙனம் மாற்றுவதில் அடங்கியிருக்கிறது.

1961 மே 10ஆம் நாள் இந்நிகழ்ச்சி விரிவாக்கப்பெற்று இலண்டன் ஃபார்ச்சூன் அரங்கில் தொடங்கியது. பிரதமர் ஹெரால்டு மேக்மில்லனைப் போலக் குக் பேசி நடித்தது பெரும்பரபரப்பை விளைவித்தது. பதவியில் இருக்கும் பிரதமரை மேடையில் அவ்வாறு எள்ளுதல் அந்நாட்டார் நெடுங்காலம் காணாதது. மேக்மில்லனே ஓர் இரவு பார்வையாளராக வந்து அமர்ந்தார். அவர் வந்திருப்பதை அறிந்த குக், எழுதிவைத்த உரையைக் கடந்து அவரைச் சுட்டியே பேசினார். 1962இல் எலிசபெத் அரசியாரும் வந்து கண்டார். அதே ஆண்டு அக்டோபர் 27ஆம் நாள் நியூயார்க் பிராட்வேயில் நிகழ்ச்சி தொடங்கியது. கியூபா ஏவுகணை நெருக்கடியால் உலகமே அணுகுண்டுப் போருக்கு அஞ்சி நடுங்கிய நாட்கள் அவை.

இனி, இப்புகழ் யாருக்கு உரியது என்னும் வினா எழுகின்றது. விளிம்பு விழா நால்வரையும் மேடையேற்றவில்லை. பணமும் அரங்கும் தந்தது முறையான விழாவே. இதனை மறைத்து விளிம்புக்குப் பெருமை சேர்ப்பது வரலாற்றுக்குச் செய்யும் நீதியாகாது. ஆயினும் எட்டாண்டுக் காலம் பெயர் தெரியாத மாணவர்கள் தேவாலயக் கூடங்களில் நள்ளிரவு வரை நடித்து நகைச்சுவைக்கு ஒரு கூட்டத்தைப் பழக்கியிராவிடில், பொன்சன்பிக்கு அவ்வெண்ணமே தோன்றியிராது. டட்லி மூரே 1958இல் ஆக்ஸ்ஃபோர்டு நாடகக் குழுவோடு விளிம்பு மேடையில் தோன்றியவர்தாம். உழுது பதப்படுத்தியவர் ஒருவர். விதைத்து அறுத்தவர் வேறொருவர். வரலாறு இருவர் பெயரையும் எழுதவேண்டும்.

தணிக்கையின் கதை

அக்காலப் பிரிட்டனில் மேடை நாடகம் எதுவாயினும் அரண்மனை அதிகாரியாகிய சேம்பர்லென் பிரபுவின் இசைவு பெற்றே பொதுமேடை ஏறவேண்டியிருந்தது. 1737ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்த கட்டுப்பாடு அது. எழுத்துப்படியை முன்னரே அனுப்பவேண்டும். அவர் அலுவலகம் அடித்த சொல்லை நடிகர் பேசலாகாது. மேடையில் அப்போதைக்கப்போது கற்பனைசெய்து பேசுதலும் இதனால் குற்றமாகக் கூடும். உறுப்பினர்க்கு மட்டும் உரிய மன்றமாகத் தம்மை அமைத்துக்கொண்ட சில அரங்குகள் இத்தடையிலிருந்து தப்ப வழி தேடின. எடின்பரோவில் 1963 ஜனவரியில் தொடங்கப்பெற்ற டிராவர்ஸ் அரங்கு அத்தகைய மன்றமே. குக் 1961இல் இலண்டன் சோகோவில் தொடங்கிய ‘எஸ்டாபிளிஷ்மென்ட்’ என்னும் நகைச்சுவை விடுதியும் மன்ற முறையில் அமைந்ததே.

1968ஆம் ஆண்டின் நாடக அரங்குச் சட்டம் 231 ஆண்டுக் காலத் தணிக்கைக்கு முடிவு கட்டியது. சட்டம் மாறுதற்குப் பல நாடகாசிரியர்களின் போராட்டம் காரணம். நகைச்சுவை மட்டுமே காரணம் என்று மிகைபட மொழிதல் ஆகாது. சிரிப்பின் ஆற்றலைப் பற்றிக் குக்கே மிகையான நம்பிக்கை கொண்டவர் அல்லர். இட்லரின் எழுச்சியைத் தடுக்கப் ‘பேருதவி’ புரிந்த பெர்லின் கேளிக்கை விடுதிகளைப் பின்பற்றியே தாமும் விடுதி தொடங்கியதாக அவர் கேலியாகக் கூறுவதுண்டு. சிரிப்பு ஆட்சியைக் கவிழ்க்காது. ஆனால் ஆட்சியாளரைக் கண்டு அஞ்சும் மனத்தில் அது ஒரு சாளரத்தைத் திறந்துவிடும்.

மாணவரின் பங்கு

நால்வருக்குப் பின் எடின்பரோ, பல்கலைக்கழக மாணவர்களுக்குப் பயிற்சிக்களமாகவே ஆயிற்று. 1964இல் ஆக்ஸ்ஃபோர்டு மாணவர்களின் ரெவ்யூவில் மைக்கேல் பேலினும் டெர்ரி ஜோன்சும் நடித்தனர். ஐந்தாண்டுகளுக்குப் பின் 1969இல் பிபிசி தொலைக்காட்சியில் தொடங்கிய ‘மான்டி பைத்தன்’ நிகழ்ச்சியை உருவாக்கிய அறுவருள் இவர்கள் இருவர். இறுதி வரியில் வெடிச்சிரிப்பு வந்தே தீரவேண்டும் என்னும் பழைய விதியை அவர்கள் உடைத்தெறிந்தனர். ஒரு துணுக்கு முடியாமலே மற்றொன்றாக மாறிவிடும்.

1966இல் அதே ஆக்ஸ்ஃபோர்டு நாடகக் குழு, கிரான்ஸ்டன் தெரு மண்டபத்தில், அப்போது பெரிதும் அறியப்படாதிருந்த டாம் ஸ்டாப்பார்டின் நாடகம் ஒன்றை நடித்தது. ‘ஹாம்லெட்’ நாடகத்தில் சிறு பாத்திரங்களாக வந்து மடிந்துபோகும் ரோசன்கிரான்ட்சு, கில்டன்ஸ்டர்ன் ஆகிய இருவரையே தலைமை மாந்தராக்கிய நாடகம் அது. ‘அப்சர்வர்’ இதழில் ரானல்டு பிரைடன் எழுதிய பாராட்டுரை தேசிய நாடக அரங்கின் கவனத்தை ஈர்க்க, 1967இல் அது இலண்டனில் அரங்கேறியது. பெருங்கதையின் விளிம்பில் நின்ற இருவரின் கதை, விளிம்பு விழாவிலேயே முதன்முதல் நடிக்கப்பெற்றமை பொருத்தமே.

1973இல் ‘ஸ்காட்ஸ்மன்’ நாளிதழ் புதிய நாடகங்களுக்கு ‘ஃபிரிஞ்சு ஃபர்ஸ்ட்’ என்னும் விருதை ஏற்படுத்தியது. 1981இல் நகைச்சுவைக்கெனப் பெரியர் விருது தோன்றியது. முதல் விருதை வென்றோர் கேம்பிரிட்ஜ் மாணவர்களே. ஸ்டீபன் ஃபிரை, ஹியூ லாரி, எம்மா தாம்சன் முதலியோர் அக்குழுவில் இருந்தனர்.

இங்கே ஒன்றைக் கூறாது விடுதல் முறையன்று. இம்மாணவர்களில் மிகப் பலர் ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் ஆகிய இரு பழம்பெரும் பல்கலைக்கழகங்களைச் சார்ந்தவர்கள். கதவு எல்லார்க்கும் திறந்திருந்தது என்பது உண்மை. ஆனால் கதவுவரை வந்து சேருதற்குரிய வழிச்செலவும் ஓய்வும் எல்லார்க்கும் வாய்க்கவில்லை என்பதும் உண்மை.

வளர்ச்சியும் அதன் விலையும்

எட்டுக் குழுவோடு தொடங்கிய விளிம்பு விழா, 2019இல் 3,841 நிகழ்ச்சிகளையும் முப்பது இலட்சத்துக்கு மேற்பட்ட நுழைவுச்சீட்டுகளையும் கண்டது. 2008இல் நிகழ்ச்சிப் பட்டியலில் நகைச்சுவைப் பிரிவு முதன்முறையாக நாடகப் பிரிவை விஞ்சியது. ஆயினும் அந்நகைச்சுவையில் பெரும்பகுதி ஒருவரே ஒலிவாங்கி முன் நின்று பேசும் வகையாகும். பலர் சேர்ந்து நடிக்கும் குறுநாடக இரவு அதன் நடுவே தன் இடத்தைக் காத்துக்கொள்ளப் போராடவேண்டியிருக்கிறது. இதற்கும் காரணம் கலையன்று, கணக்கே. ஐவருக்குத் தங்குமிடம் தேடுவதைவிட ஒருவருக்குத் தேடுவது எளிது. விழாக் காலத்தில் எடின்பரோவின் வீட்டு வாடகை உயர்ந்துகொண்டே செல்வது கலைஞர்களின் தீராத முறையீடாக இருந்துவருகிறது. அரங்க வாடகை, விளம்பரம், உணவு ஆகிய அனைத்தையும் தாமே ஏற்று, கைப்பொருளை இழந்து வீடு திரும்புவோரே மிகுதி. தேர்வுக்குழு இல்லாத இடத்தில் பணமே தேர்வுக்குழு ஆகிவிடும் இடர் உண்டு. 2020இல் கொரோனா நோய்த்தொற்றால் விழா நின்றது. 1947 முதல் அதுவரை அவ்வாறு நின்றதில்லை.

எடின்பரோவின் வழியைப் பிற நகரங்களும் பின்பற்றின. ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் 1960இலேயே விளிம்பு விழா வேர்கொண்டது. சிங்கப்பூரில் 2005ஆம் ஆண்டு தி நெசசரி ஸ்டேஜ் நாடகக் குழு ஃபிரிஞ்சு விழா ஒன்றைத் தொடங்கியது. அது கருப்பொருள் வகுத்து, படைப்புகளைத் தேர்ந்து நடத்திய விழா. ஆகவே பெயர் ஒன்றாயினும் முறை வேறு. தேர்ந்தெடுத்தால் தரம் காக்கப்படும்; ஆனால் தேர்வோரின் அறிவுக்கு எட்டாத புதுமை வெளியே நின்றுவிடும். தேர்ந்தெடாவிடில் புதுமைக்கு வழி உண்டு; ஆனால் நெல்லோடு பதரும் குவியும். இரண்டிலும் குறை உண்டு. புதிய கலைஞன் பிறக்கும் இடமாக ஒரு விழா இருக்கவேண்டுமாயின், பதரைப் பொறுத்துக்கொள்ளுதலே தக்கது என்பது இவ்வரலாற்றிலிருந்து பெறப்படும் முடிவாகும்.

ஆசிரியர்க்கு ஒரு சொல்

இவ்வரலாறு மொழியாசிரியர்களாகிய நமக்கு உணர்த்துவன யாவை? முதலாவது, நகைச்சுவைக் குறுநாடகம் மொழிப்பயிற்சிக்கு ஏற்ற கருவி என்பது. ஐந்து மணித்துளிக்குள் மாந்தரை அறிமுகம் செய்து, சிக்கலை நிறுவி, எதிர்பாரா வகையில் முடிக்கவேண்டுமாயின் ஒரு சொல்லும் வீணாதல் கூடாது. பக்கம் பக்கமாக எழுதும் மாணவன் சுருங்கச் சொல்லக் கற்பது இங்கேதான்.

இரண்டாவது, பொருட்செலவு தடையன்று என்பது. பள்ளிக் கலைவிழாவில் அரசவைக் காட்சிக்குப் பட்டாடையும் பொன்முலாம் பூசிய முடியும் தேடி அலைகிறோம். நான்கு மாணவரும் ஒரு நாற்காலியும் போதும்; சொல் கூர்மையாக இருந்தால் அவை நிறையும்.

மூன்றாவதே தலையாயது. மாணவன் தானே எழுதிக் கொணரும் நகைச்சுவையில் சில வேளைகளில் எள்ளப்படுவோர் நாமாகவே இருப்போம். நம் நடையும் நாம் திரும்பத் திரும்பக் கூறும் அறிவுரையும் அவன் கையில் நகைப்புக்கு உரியனவாகும். அந்நேரத்தில் நம் கையிலிருக்கும் சிவப்பு மைப் பேனா சேம்பர்லென் பிரபுவின் முத்திரையாக மாறிவிடுதல் எளிது. பிறர் மனம் புண்படப் பேசுதலையும் எளியாரை இழித்துரைத்தலையும் நாம் திருத்தவேண்டும். அது நம் கடமை. ஆனால் அதிகாரத்தை நோக்கி எழும் நேர்மையான எள்ளலை அடித்துவிடுதல் திருத்தம் ஆகாது. பதவியிலிருந்த பிரதமர் ஒருவர் அரங்கில் அமர்ந்து தம்மை எள்ளும் சொற்களைக் கேட்டுக்கொண்டிருந்தார். ஆசிரியர்க்கு அத்துணைப் பொறுமை இயலாததன்று.

ஒவ்வொரு கலைவிழாவிலும், தேர்ந்தெடுக்கப்பெற்ற நிகழ்ச்சிகள் முடிந்தபின் அரைமணி நேரத்தை எவரும் தேர்ந்தெடுக்காத மாணவர்க்கென ஒதுக்கிப் பார்ப்போம். அவர்களுள் பலர் தடுமாறுவர். சிலர் சொல்லை மறந்து நிற்பர். அவையோரின் சிரிப்பு ஒருமுறையேனும் உரிய இடத்தில் எழுமாயின், தமிழில் தன்னாலும் ஒரு சொல்லை உயிரோடு பேசமுடியும் என்னும் துணிவு ஒரு மாணவன் உள்ளத்தில் பிறக்கும். அத்துணிவை வளர்ப்பதே மொழியாசிரியரின் பணியாகும்.